எட்டுக் கிலோமீற்றர் பயணத்துக்கு 780,000 ரூபாயா?

கேள்வி: நான் வட்டக்கச்சியில் இருக்கிறேன். கிளிநொச்சி நகரில் ஒரு கடையில் கணக்கு எழுதும் வேலை. சம்பளம் 45,000 ரூபாய். கணவர் மேசன் வேலை செய்கிறார், மாரியில் அவருக்கு வேலை குறைவு. வீட்டிலிருந்து கடைக்கு எட்டுக் கிலோமீற்றர். பன்னிரண்டு வருடப் பழைய லுமாலா லேடீஸ் சைக்கிளில்தான் போய்வருகிறேன். இப்போது செயின் அடிக்கடி கழருகிறது, பின் றிம் நெளிந்துவிட்டது, மழையில் பிரேக் பிடிப்பதே இல்லை. கூட வேலை செய்பவர்கள் ஸ்கூட்டி எடுக்கச் சொல்கிறார்கள். பாவித்த ஸ்கூட்டி ஒன்று 550,000 ரூபாய்க்கு வருகிறது. காப்பை அடகு வைத்து 150,000 முற்பணம் கட்டினால் மிச்சம் 400,000க்கும் லீசிங் தருகிறார்கள். மாதம் 16,000 வீதம் 36 மாதம். வட்டி வருடத்துக்கு 15 வீதத்துக்கும் குறைவு என்றார்கள். அடகுக்கு மாதம் ஒரு வீதம் வட்டி. சைக்கிளைத் திருத்த 14,000 கேட்கிறார்கள். புதுச் சைக்கிள் 52,000, கியர் வைத்தது 65,000. வங்கிப் புத்தகத்தில் 60,000 இருக்கிறது. அம்மாவை மாதம் ஒரு தடவை கிளினிக்குக் கூட்டிப்போகவும் வேண்டும், அதற்கு ஓட்டோவுக்கு 2,500 போகிறது. நான் எதைச் செய்வது?
— வட்டக்கச்சி வாசகி

பதில்: சகோதரி, பழைய சைக்கிளை அரைகுறையாக இல்லாமல் முழுசாகத் திருத்துங்கள். காப்பு வீட்டிலேயே இருக்கட்டும். ஸ்கூட்டி யோசனையை இரண்டு வருடத்துக்குத் தள்ளிவையுங்கள். ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன்.

லீசிங்குக்கு நீங்கள் கட்டப்போவது 36 தடவை 16,000, அதாவது 576,000 ரூபாய். வாங்கியது 400,000. வட்டி மட்டும் 176,000. அடகு வைத்த 150,000க்கு மாதம் 1,500 வட்டி, மூன்று வருடம் மீட்காவிட்டால் 54,000. முற்பணத்தையும் சேர்த்துக் கூட்டினால் 550,000 ரூபாய் ஸ்கூட்டி உங்களுக்கு 780,000 ரூபாயில் வந்து நிற்கும். அதற்கு மேல்தான் பெற்றோல், காப்புறுதி, வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனை, ஹெல்மெட், சேர்விஸ் எல்லாம்.

வட்டி 15 வீதத்துக்கும் குறைவு என்று சொன்னது பொய்யில்லை. ஆனால் அந்த வீதம் மூன்று வருடமும் முழு 400,000க்கும் போடப்படுகிறது. நீங்களோ மாதா மாதம் முதலையும் சேர்த்துத்தான் கட்டிக்கொண்டு வருகிறீர்கள். முப்பதாவது தவணை கட்டி முடிக்கும்போது உங்களிடம் உண்மையில் மீதமிருக்கும் முதல் ஒரு இலட்சத்துக்கும் குறைவு, ஆனால் வட்டி அப்போதும் நாலு இலட்சத்துக்கே கணக்காகும். குறைந்துவரும் முதலுக்கு வட்டி போடும் முறையில் இதைப் பார்த்தால் வருடத்துக்கு ஏறக்குறைய 25 வீதம் வருகிறது. லீசிங்குக்குக் கையெழுத்து வைக்கப்போகிற எவரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, 'கடைசித் தவணை கட்டி முடியும்போது மொத்தம் எவ்வளவு கட்டியிருப்பேன்?' என்பதுதான். வீதத்தை எப்படியும் சொல்லலாம், மொத்தத் தொகையை ஒரே மாதிரித்தான் சொல்ல முடியும்.

இனி மாதக் கணக்கு. வேலைநாள் 24 என்று வைத்தால் மாதம் 384 கிலோமீற்றர் ஓடுவீர்கள். ஸ்கூட்டி லீற்றருக்கு 40 கிலோமீற்றர் ஓடி, பெற்றோல் லீற்றர் 300 ரூபாயாக இருந்தால், கிட்டத்தட்ட 2,900 ரூபாய். தவணையும் அடகு வட்டியும் சேர்த்தால் 20,400. உங்கள் சம்பளத்தில் பாதிக்குக் கொஞ்சம்தான் குறைவு. கார்த்திகை, மார்கழியில் கணவருக்கு வேலை இல்லாத மாதங்களிலும் இதே தொகையைக் கட்ட வேண்டும். லீசிங் முடியும்வரை வாகனத்தின் உரிமை கம்பனியிடம்தான் இருக்கும். தவணை தொடர்ந்து தவறினால் தூக்கிக்கொண்டு போகலாம், அப்போது நீங்கள் கட்டிய பணமும் திரும்பாது. பிணை நின்ற அயலவரின் வீட்டு வாசலுக்கும் ஆள் வரும்.

வன்னியில் கடன் எப்படி ஒரு வீட்டைச் சாய்க்கும் என்பதை நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. போர் முடிந்த பிறகு வாரக் கட்டுப்பணத்தோடு வந்த நுண்கடன்களில் எத்தனை பெண்கள் சிக்கினார்கள் என்று பார்த்திருப்பீர்கள். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்களுக்காக ஒரு இலட்சம் ரூபாய் வரையான நுண்கடன்களில் அரசாங்கமே நிவாரணம் கொடுக்க வேண்டிய அளவுக்கு அது போனது. அந்தக் கடன்களில் பெரும்பகுதி நியாயமான தேவைக்குத்தான் எடுக்கப்பட்டது. உங்கள் தேவையும் நியாயமானதுதான். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பெற்றோல் விலை இன்று இருப்பதுபோல மூன்று வருடத்துக்கு இருக்கும் என்றும் எடுக்க முடியாது. 2022 ஜூனில் ஒக்டேன் 92 லீற்றர் 470 ரூபாய்க்குப் போனது, அந்த விலைக்கும் கிடைக்காமல் வரிசையில் கிடந்தோம். அதற்கு முன்பு, போர் நாட்களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் சைக்கிள் இல்லாவிட்டால் வன்னியில் ஒரு அலுவலும் நடந்திராது. றேடியோ கேட்கக்கூட சைக்கிளின் தைனமோவைச் சுற்றிய சனம் நாங்கள்.

சரி, சைக்கிளுக்கு வருவோம். 14,000 ரூபாயைக் கொடுக்க முன் ஒன்றைப் பாருங்கள். சைக்கிளின் சட்டத்தை (பிறேமை) துணியால் துடைத்துவிட்டு, ஹாண்டில் குழாயும் மற்றக் குழாய்களும் சேரும் ஒட்டுகள், முன் கவட்டை, பெடல் அச்சு இருக்கும் இடம் ஆகியவற்றில் வெடிப்போ ஆழமான துருவோ இருக்கிறதா என்று பகல் வெளிச்சத்தில் பாருங்கள். சட்டம் வெடித்திருந்தால் திருத்த வேண்டாம், புதுசை வாங்குங்கள். சட்டம் சரியென்றால் திருத்துவதே இலாபம். திருத்தச் செலவு புது விலையின் பாதியைத் தாண்டினால்தான் நான் புதுசை யோசிப்பேன், உங்களுக்கு அது கால்வாசியைக் கொஞ்சம்தான் தாண்டுகிறது. லுமாலாவுக்கு உதிரிப்பாகம் ஊர்க் கடையிலேயே கிடைக்கும் என்பதும் பணம்தான்.

மழையில் பிரேக் பிடிக்காததற்குக் காரணம் பெரும்பாலும் றிம்தான். பளபளக்கும் குரோம் பூசிய இரும்பு றிம் நனைந்தால் பிரேக் கட்டை வழுக்கும். கட்டையை மட்டும் மாற்றினால் அடுத்த மாரியிலும் இதே கதைதான். பின் றிம்மை எப்படியும் மாற்றப்போகிறீர்கள், அலுமினியம் றிம் கேளுங்கள். கையில் காசு இருந்தால் முன் றிம்மையும் மாற்றுங்கள். வேகமாகப் போகும்போது பெரும்பாலும் நிறுத்துவது முன் பிரேக்தான். வேறு எதைக் குறைத்தாலும் இதில் மட்டும் குறைக்காதீர்கள்.

செயின் கழருவதற்கு வருகிறேன். பிள்ளைகளின் அடிமட்டம் ஒன்றை எடுங்கள். செயினின் ஒரு ஆணியின் நடுவில் பூச்சியத்தை வைத்து, அதிலிருந்து இருபத்துநான்காவது ஆணியைப் பாருங்கள். புதுச் செயினில் அது சரியாக 12 அங்குலத்தில் நிற்கும். பதினாறில் ஒரு அங்குலம் தள்ளி நின்றால் செயினை மாற்ற வேண்டும். எட்டில் ஒரு அங்குலம் தள்ளியிருந்தால் பற்களும் தேய்ந்திருக்கும், செயினை மட்டும் மாற்றினால் புதுசும் கெதியாகக் கெட்டுவிடும். இதை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அளந்தால் சின்னச் செலவோடு தப்பலாம்.

பிறீவீலை, அதாவது பின் சில்லில் செயின் ஓடும் பல்சக்கரத்தை, மாற்ற நேர்ந்தால் இப்போது இருப்பதைவிட இரண்டு பல் கூடியதைக் கேளுங்கள். உங்கள் பாதைக்கு அது முக்கியம். கடை உங்களுக்கு மேற்கே இருக்கிறது. வைகாசியிலிருந்து புரட்டாதி வரை தென்மேல் காற்றான சோளகம் அடிக்கும்போது காலையில் காற்று முகத்தில் மோதும், வடகீழ்க் காற்றான வாடையில் பின்னேரம் வீடு திரும்பும்போது மோதும். பல் கூடினால் மிதி இலேசாகும், வேகம் கொஞ்சம் குறையும். எட்டுக் கிலோமீற்றருக்கு அரை மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட எடுக்கும், அவ்வளவுதான். இருக்கை உயரத்தையும் பாருங்கள். இருக்கையில் இருந்துகொண்டு குதிக்காலைப் பெடலில் வைத்தால், பெடல் கீழே இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். நம் ஊரில் பலர் இருக்கையைத் தாழ்த்தி வைத்து முழங்காலை வருத்திக்கொள்கிறார்கள்.

கியர் சைக்கிள் வேண்டாம். மேடே இல்லாத தரையில் அத்தனை கியருக்கு வேலை இல்லை. அந்த வகையில் பெரும்பாலும் முன்னால் இருக்கும் அதிர்வு தாங்கும் ஸ்பிறிங் பாரத்தைக் கூட்டும், புழுதியும் சேறும் உள்ளே போனால் கெட்டும் விடும்.

ரயர் மாற்றும்போது தடித்ததாகக் கேளுங்கள். நெருஞ்சியும் விடத்தல் முள்ளும் கிடக்கும் ஒழுங்கைகளில் மெல்லிய ரயர் தாங்காது. காற்றைக் குறைவாக வைத்து ஓடினால் மிதிப்பும் கடினம், றிம்மும் நெளியும். உங்கள் பின் றிம் நெளிந்தது அதனாலேயே இருக்கலாம். வாரம் ஒரு தடவை பம்ப் பண்ணுங்கள்.

அப்புறம் லைற். கார்த்திகையில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் இறங்கிவிடும். கடை பூட்டி வெளிக்கிடும்போதே மம்மல் ஆகிவிடும். தைனமோ லைற் நல்லது, ஆனால் நீங்கள் நின்றால் அதுவும் நின்றுவிடும். ஆகவே பின்னால் சார்ஜ் பண்ணும் சிவப்பு லைற் ஒன்றைக் கட்டாயம் பூட்டுங்கள். மட்கார்ட்டிலும் பெடலிலும் மினுங்கும் ஸ்ரிக்கர் ஒட்டுங்கள். கட்டாக்காலி மாடுகள் வீதியில் படுத்திருக்கும் நாட்களில் முன் வெளிச்சம் உங்களுக்கே தேவை. இன்னொன்று: காலையிலும் மாலையிலும் வெயில் உங்கள் முதுகுப் பக்கம்தான் இருக்கும். உங்களுக்கு அது சுகம், எதிரே வரும் டிப்பர்காரருக்குக் கண் கூசும். அவருக்கு உங்களைத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டே ஓரமாக ஓடுங்கள்.

லைற், நல்ல பூட்டு, கைப்பம்ப், பஞ்சர் ஒட்டும் சாமான், மழைக்கோட்டு எல்லாவற்றையும் 9,000 ரூபாய்க்குள் முடிக்கப் பாருங்கள். மழைக்கோட்டில் கஞ்சத்தனம் வேண்டாம், குடையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு ஓடுவது மிக ஆபத்து. பையைத் தோளில் போடாமல் கரியரில் கட்டுங்கள். செயின் கவர் இல்லாவிட்டால் போடுங்கள், சேலையோ பாவாடையோ சிக்காது. அடைமழை நாட்களில் பஸ்ஸில் போங்கள். அதற்கென்று மாதம் ஒரு சிறு தொகையை ஒதுக்கிவையுங்கள். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் கதவுகள் திறக்கப்பட்டு வெள்ளம் வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். மதகுக்கு மேலால் தண்ணீர் பாய்ந்தால் சைக்கிளை உருட்டிக்கொண்டுகூடக் கடக்க வேண்டாம். ஒரு நாள் சம்பளம் போனாலும் பரவாயில்லை.

திருத்த 14,000, சாமான்களுக்கு 9,000. உங்கள் 60,000இல் 37,000 மீதம். முன் றிம்மையும் மாற்றினால் இன்னும் கொஞ்சம் குறையும். அந்த மீதத்தை அவசரத் தேவைக்கென்று புத்தகத்திலேயே விடுங்கள். லீசிங்குக்கு மாதம் 16,000 கட்டலாம் என்று நினைத்தீர்கள் அல்லவா, அதில் பாதியை, 8,000 ரூபாயை, சம்பள நாளிலேயே தனிச் சேமிப்புக் கணக்கில் போடுங்கள். கணவருக்கு வேலை இல்லாத மாதத்தில் குறைத்துப் போடலாம், எவரும் கேட்க வரமாட்டார்கள். தவறாமல் போட்டால் இரண்டு வருடத்தில் வட்டி இல்லாமலே 192,000 ரூபாய். மாதம் 500 ரூபாயைச் சைக்கிளின் ரயர், பிரேக் கட்டைக்கென்று தனியே எடுத்துவையுங்கள்.

ஸ்கூட்டி எப்போது சரியாகும்? மாங்குளத்திலோ முல்லைத்தீவிலோ நல்ல சம்பளத்துக்கு வேலை கிடைத்தால், இரவு வேலை வந்தால், முழங்கால் இடம் கொடுக்காவிட்டால். அப்போது அந்தச் சேமிப்பை முற்பணமாகக் கொடுத்து, கடனைச் சிறிதாக்கி எடுங்கள். நிறுவனம் மத்திய வங்கியின் அனுமதி பெற்ற பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒப்பந்தத்தைத் தமிழில் கேளுங்கள். இடையில் மொத்தமாகக் கட்டி முடித்தால் எவ்வளவு வட்டி குறையும், தவணை பிந்தினால் எவ்வளவு தண்டம் என்பதை எழுத்தில் வாங்குங்கள். சாரதி அனுமதிப்பத்திரத்துக்கு ஆகும் செலவையும் அந்தக் கணக்கில் சேருங்கள்.

அம்மாவின் கிளினிக்குக்கு ஓட்டோவையே தொடருங்கள். மாதம் 2,500 என்றால் மூன்று வருடத்துக்கு 90,000 ரூபாய், நீங்கள் சொன்ன லீசிங்கின் வட்டியில் ஏறக்குறைய பாதி. ஸ்கூட்டியின் பின்னால் ஏறி எட்டுக் கிலோமீற்றர் பிடித்துக்கொண்டு வருவதைவிட அம்மாவுக்கும் அது வசதி. ஓட்டோக்காரரிடம் மாதாமாதம் இதே நாள் வருவோம் என்று பேசிப் பாருங்கள், அயலில் கிளினிக் போகிற இன்னொருவரையும் சேர்த்துக்கொண்டால் கூலியைப் பங்கு போடலாம்.