கான்ட்ராஸ்ட் மருந்து ஒவ்வாமைக்குத் தோல் பரிசோதனை உதவுமா?

வணக்கம். சிடி ஸ்கேனில் உறுப்புகள் தெளிவாகத் தெரிவதற்காகச் செலுத்தும், அயோடின் கொண்ட கான்ட்ராஸ்ட் மருந்தை ஏற்றிய சில நிமிடங்களில் உங்கள் தாயாருக்கு உடலெங்கும் தடிப்பும் மூச்சுத்திணறலும் ஏற்பட்டதாகவும், ‘அயோடின் ஒவ்வாமை’ என்று குறித்துவிட்டதால் அடுத்த ஸ்கேனை எண்ணி அஞ்சுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் குறிப்பை முதலில் திருத்தச் சொல்லுங்கள். ஒவ்வாமை அந்த மருந்தின் மூலக்கூறுக்கு எதிரானதே தவிர, அயோடினுக்கு எதிரானது அன்று. எந்த மருந்து ஏற்றப்பட்டது என்பதை ஸ்கேன் மையத்தில் எழுத்தில் பெறுவது மிக அவசியம்.

தோல் பரிசோதனை உங்கள் தாயாரைப் போன்றவர்களுக்கே பயன்படுகிறது. எதிர்வினையே வராதவர்களுக்கு முன்னெச்சரிக்கையாக அதைச் செய்வதில் பலனில்லை. முதலில் மருந்தை நீர்க்காமல் தோலில் ஒரு துளியிட்டுக் குத்திப் பார்ப்பார்கள். எதிர்வினை இல்லையெனில் பத்தில் ஒரு பங்காக நீர்த்த மருந்தைத் தோலுக்குள் செலுத்தி, 15 முதல் 20 நிமிடங்களில் தடிப்பை அளப்பார்கள். குற்றவாளியைக் கண்டுபிடிப்பதைவிட, பாதுகாப்பான மாற்று மருந்தைத் தேர்ந்தெடுப்பதே இதன் பெரும்பயன் என்பேன். அயோஹெக்சால், அயோடிக்சனால் என்ற இரு கான்ட்ராஸ்ட் மருந்துகளும் மூலக்கூறின் ‘பக்கச் சங்கிலி’ என்ற பகுதியில் ஒத்திருப்பதால் ஒன்றுக்குப் பதில் மற்றொன்று சரிப்படாமல் போகலாம். ஆகவே பல மருந்துகளைச் சேர்த்துச் சோதிக்கும்படி ஒவ்வாமை மருத்துவரிடம் கேளுங்கள்.

எதிர்வினைக்குப் பின் ஆறு மாதங்களுக்குள் செய்தால் முடிவு நம்பகமாக இருக்கும், தாமதிக்க வேண்டாம். முடிவு எதிர்மறையாக, அதாவது தோலில் எதிர்வினை இல்லை என்று, வந்தாலும் அது முழு உத்தரவாதம் ஆகாது. முன்கூட்டியே தரப்படும் ஸ்டீராய்டும் கடுமையான எதிர்வினையை எப்போதும் தடுப்பதில்லை. எனவே அடுத்த ஸ்கேன், அவசர சிகிச்சை வசதியுள்ள இடத்திலேயே நடக்கட்டும். சோதனைக்குச் சில நாட்கள் முன்பு ஒவ்வாமை மாத்திரைகளை நிறுத்த வேண்டியிருக்கும். அதையும் மருத்துவரைக் கேட்டே செய்யுங்கள்.