கேள்வி - பதில்: அமரபுரம் அனுப்பிய டாக்டர்

கேள்வி: ஐயா, பர்மாவின் மண்டலே மாகாணத்தில் முதலமைச்சராக இருந்த டாக்டர் ஸோ மியின் மவுங் இறந்த செய்தி வந்தபோது எங்கள் தெருவில் பர்மியர்கள் பலர் அழுதார்கள். என் மகள் "யாரம்மா அவர்?" என்று கேட்டாள். சரியாகச் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் சொல்லுங்களேன்.
- ஒரு வாசகி, தட்டோன்

பதில்: மண்டலேக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் அமரபுரம் ஓட்டுப் போட்டு அனுப்பிய ஆள் அம்மா அவர். நான் இங்கே தையல் கடை வைத்திருக்கிறேன். அன்று பக்கத்து வீட்டுத் தறிக்கார அம்மா ஓரம் அடிக்க லுங்கி கொண்டுவந்தார். மேஜையில் வைத்தவர், என்ன வேலை என்றுகூடச் சொல்லாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். 1990-ல் முதன்முதலாக ஓட்டுப் போட்டது அவருக்குத்தான் என்று மட்டும் சொன்னார்.

அது மே 27-ம் தேதி நடந்த தேர்தல். டாக்டர் நின்ற ஆங் சான் சூச்சியின் கட்சிக்குக் கமாவ் சின்னம், வயலில் போடுவோமே அந்த ஓலைத் தொப்பி. 392 இடங்களில் ஜெயித்தார்கள். ராணுவம் ஆட்சியைக் கொடுக்கவில்லை. மண்டலேயில் கூடித் தனி அரசு அமைக்கப் பார்த்தார்கள் என்று வழக்குப் போட்டு, அந்த ஆண்டு நவம்பரிலேயே டாக்டரைப் பிடித்தார்கள். தேசத்துரோகம், 25 ஆண்டு. இன்செய்ன் சிறையின் நிலைமையை ஐ.நா.வுக்கு எழுதினார்கள் என்று 1996-ல் அவருக்கும் மற்ற கைதிகள் சிலருக்கும் இன்னும் தண்டனை கூட்டினார்கள். கடைசியில் வடக்கே மிச்சினா சிறை. மண்டலேயிலிருந்து அங்கே போய்ப் பார்த்து வருவது குடும்பத்துக்கு எத்தனை பாடு என்று ரயிலேறியவர்களுக்குத் தெரியும். 2009 பிப்ரவரியில்தான் விட்டார்கள். உள்ளே போகும்போது நாற்பதுகூட ஆகாதவர், வெளியே வரும்போது ஐம்பத்தேழு.

வேறு யாராவது என்றால் வீட்டோடு இருந்திருப்பார்கள். இவர் 2012 இடைத்தேர்தலில் சௌபடௌங்கில் நின்று நாடாளுமன்றம் போனார். 2015-ல் மறுபடி அமரபுரம். 2016 மார்ச் கடைசியில் முதலமைச்சர். 2021 பிப்ரவரி 1 விடியற்காலையில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் அதுவும் போனது. ரத்தப் புற்றுநோய்க்காரர் என்று தெரிந்தும் வழக்கு மேல் வழக்காகப் போட்டு உள்ளே வைத்தார்கள். 2024 அக்டோபரில், உயிர் பிரிய சில நாளே இருக்கும்போது மன்னிப்பு என்றார்கள். 7-ம் தேதி மண்டலே ஆஸ்பத்திரியில் போய்விட்டார். வயது 72. எனக்கு இதில் ஆறாத கோபம் உண்டு. மகளுக்கு இதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

கேள்வி: தமிழ்நாட்டு முதலமைச்சருக்கு உள்ள அதிகாரம் இங்கே முதலமைச்சருக்கு உண்டா? ஐந்து வருஷம் இருந்தும் இவர் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை என்கிறார் என் மாமா.
- ஒரு வாசகர், பெகு

பதில்: கிட்டவே வராது தம்பி. அங்கே எம்.எல்.ஏ.க்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். இங்கே 2008 அரசியல் சட்டப்படி ஜனாதிபதி நியமிப்பார். தகுதிக் குறைவு என்று நிரூபித்தால் ஒழிய மாகாண சபை மறுக்க முடியாது. அந்தச் சபையிலும் கால்வாசிப் பேர் ஓட்டு வாங்காத ராணுவத்தார். பாதுகாப்பு, எல்லை விவகார மந்திரி ராணுவத் தளபதி அனுப்புகிறவர். அப்புறம் நாம் நிலக் காரியங்களுக்குப் போய் நிற்கிற டவுன்ஷிப் ஆபீஸ் இருக்கிறதே, அந்தப் பொது நிர்வாகத் துறை 2018 கடைசி வரை ராணுவம் நியமித்த உள்துறை மந்திரியின் கையில்தான் இருந்தது. ஆக, தன் மாகாணத்தின் ஊர் அதிகாரிகளே பாதிக்கு மேற்பட்ட காலம் முதலமைச்சருக்குக் கட்டுப்பட்டவர்கள் இல்லை. உங்கள் மாமாவிடம் முதலில் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள், பிறகு அவர் குறை சொல்லட்டும்.