ரகசியம் காப்பேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன், போலீசில் சொல்லலாமா?

கேள்வி: மதுரை செல்லூரில் ஒரு தொண்டு நிறுவனம் நடத்தும் மாலை ட்யூஷனில் சம்பளம் வாங்காமல் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். பெரும்பாலும் தறி ஓட்டுகிறவர்கள், கூலி வேலைக்குப் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள். சேரும்போதே நடத்தை விதி என்று ஒரு பத்திரத்தில் கையெழுத்து வாங்கினார்கள். பிள்ளையோடு தனி அறையில் இருக்கக் கூடாது, வண்டியில் ஏற்றிப் போகக் கூடாது, குடும்பத்துக்குப் பணம் கொடுக்கக் கூடாது, படம் போடக் கூடாது, இங்கே தெரிந்துகொண்டதை வெளியே சொல்லக் கூடாது. போன வாரம் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, வீட்டுக்கு வந்துபோகும் உறவுக்காரர் தன்னிடம் தப்பாக நடக்கிறார் என்று சொல்லி அழுதாள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று மீனாட்சி மேல் சத்தியமும் வாங்கிக்கொண்டாள். ஒருங்கிணைப்பாளரோ, "குடும்பத்தைக் கூப்பிட்டுப் பேசிக்கலாம், நீ வெளியே சொன்னா பத்திரத்தை மீறுனதா ஆகும்" என்கிறார். என்ன செய்வது? பிள்ளைகளோடு எடுத்த போட்டோ ஒன்றை இன்ஸ்டாகிராமில் போட்டிருக்கிறேன், அதுவும் தப்பா?

பதில்: தங்கச்சி, முதலில் புகார், மற்றதெல்லாம் அப்புறம். இன்றைக்கே அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போங்கள், இல்லையென்றால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் போன் செய்யுங்கள். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவு, இப்படி ஒரு குற்றம் நடந்தது என்று தெரிந்த எவரும், நடக்கலாம் என்று அஞ்சுகிற எவரும் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது. சம்பளம் வாங்குகிறவரா சும்மா உதவி செய்ய வந்தவரா என்று அது பார்க்கவில்லை. குற்றம் நடந்தது தெரிந்தும் சொல்லாமல் விட்டால் 21-ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். இது உங்களுக்கும் பொருந்தும், ஒருங்கிணைப்பாளருக்கும் பொருந்தும். தப்பு செய்தவர் அந்த நிறுவனத்திலேயே வேலை பார்ப்பவராக இருந்து, பொறுப்பில் இருப்பவர் மறைத்திருந்தால் தண்டனை ஒரு வருடம் வரை போகும்.

பத்திரத்தைக் காட்டிப் பயமுறுத்துகிறார்களே, அதற்கு வருகிறேன். சட்டம் செய்யச் சொன்னதைச் செய்யாமல் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது, 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு இதைத்தான் சொல்கிறது. அந்த ரகசிய விதி பிள்ளையின் கதை தெருவில் ஊர் வாயில் விழாமல் இருக்க எழுதப்பட்டது, அதை வைத்து ஒரு குற்றத்தை மூடி மறைக்கப் பார்ப்பது எனக்குக் கோபம் வரவைக்கிறது. குடும்பத்தைக் கூப்பிட்டுப் பேசினால் என்ன நடக்கும்? அந்த உறவுக்காரர் காதுக்கு ஒரே நாளில் போய்விடும், பிள்ளையை மிரட்டிப் பேச்சை மாற்றவைப்பார்கள், இல்லை ராத்திரியோடு ராத்திரியாக வேறு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்.

புகார் கொடுக்க ஆதாரம் தேட வேண்டாம், விசாரிப்பது போலீஸ் வேலை. பிள்ளையிடம் திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள், செல்போனில் பதிவு செய்யவும் வேண்டாம். அவள் என்ன வார்த்தையில் சொன்னாளோ அதே வார்த்தையில், தேதி நேரத்தோடு ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சொன்னதைப் போலீசார் எழுத்தில் பதிந்து, எண் போட்டு, உங்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும், அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு வாருங்கள். 24 மணி நேரத்துக்குள் அவர்களிடமிருந்து குழந்தைகள் நலக்குழுவுக்குத் தகவல் போக வேண்டும். பிள்ளையை ஸ்டேஷனுக்கு இழுப்பார்களோ என்று பயப்பட வேண்டாம், அவள் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோதான் வாக்குமூலம் வாங்க வேண்டும், முடிந்தவரை பெண் அதிகாரி வர வேண்டும், சீருடையில் வரக் கூடாது. நல்லெண்ணத்தில் தகவல் சொன்ன உங்கள் மேல் வழக்குப் போட முடியாது.

சத்தியம் உங்களை உறுத்தும், தெரிகிறது. பிள்ளையிடம் நேராகச் சொல்லிவிடுங்கள்: "நீ சொன்னது நல்லது பாப்பா, உன் மேல ஒரு தப்பும் இல்ல, ஆனா இத நான் மட்டும் வச்சுக்கிட்டா உன்னைக் காப்பாத்த முடியாது, உதவி செய்றவங்ககிட்ட சொல்லப் போறேன்." இனி எந்தப் பிள்ளைக்கும் ரகசியம் காப்பேன் என்று முன்கூட்டியே வாக்குக் கொடுக்காதீர்கள்.

போட்டோவை உடனே எடுத்துவிடுங்கள். வெறும் ட்யூஷன் படமாக இருந்தவரை அது நிறுவன விதியை மீறியது மட்டும்தான். புகார் பதிவானபிறகு நிலைமை வேறு. போக்சோ 23-ஆவது பிரிவு ஊடகத்தில் பிள்ளையின் பெயர், படம், பள்ளி, தெரு எதுவுமே தெரியக் கூடாது என்கிறது, அவள் முகமும் செல்லூர் என்ற பெயரும் சேர்ந்து ஒரு பதிவில் கிடப்பது அவளுக்கு ஆபத்து. வாட்ஸ்அப் குரூப்பில் அனுப்பியிருந்தால் அங்கேயும் நீக்குங்கள்.

மற்ற விதிகள் எல்லாம் சரியானவைதான், அவற்றை விட்டுவிடாதீர்கள். குறிப்பாகப் பணம். ஃபீஸுக்கு என்று நீங்கள் ஐந்நூறு ரூபாய் கொடுத்தால் அந்த அம்மா அதை மறக்க மாட்டார், நாளைக்கு ட்யூஷனுக்கு வரும் வேறொருவர் பிள்ளையிடம் தப்பாக நடந்தாலும் வாங்கிய கைக்கு வாய் திறக்க வராது. உதவி செய்ய ஆசை இருந்தால் நிறுவனம் வழியாக, ரசீதோடு செய்யுங்கள். பிள்ளைகள் புழங்கும் நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களைப் போலீஸ் வழியாகச் சரிபார்க்க வேண்டும் என்று 2020 போக்சோ விதிகள் சொல்கின்றன. தன்னார்வலர்களுக்கும் அதைச் செய்யச் சொல்லி நீங்களே கேளுங்கள்.

புகார் கொடுத்தபிறகு ஒருங்கிணைப்பாளருக்கு, புகார் கொடுத்துவிட்டேன் என்று தேதி போட்டு ஒரு வரி எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். அதில் பிள்ளையின் பெயர் வேண்டாம். வரவேண்டாம் என்று அனுப்பினாலும் புகாரைத் திரும்பப் பெற ஒத்துக்கொள்ளாதீர்கள். பிள்ளைக்கு வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகக் கிடைக்கும், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அங்கே வருமான வரம்பு கிடையாது.