பிஹெச் மீட்டர் ப்ரோப் காஞ்சு போச்சு, இனி தேறுமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ரெண்டு வனாமி இறால் குட்டை வச்சிருக்கேன். போன கிராப் அறுவடை முடிஞ்சதும் பேனா மாதிரி இருக்குற பிஹெச் மீட்டரை (தண்ணியோட புளிப்பு, காரத் தன்மையை அளக்குறது) மூடி போட்டு பீரோவுல வச்சேன். மூணு மாசம் கழிச்சு இப்ப எடுத்தா மூடிக்குள்ள வெள்ளையா உப்பு பூத்து கெடக்கு, தண்ணியில விட்டா நம்பர் நிக்கவே மாட்டேங்குது, ஏறிக்கிட்டே போகுது. தெரிஞ்சவர் ஒருத்தர் ஆர்ஓ தண்ணியிலயே ஊற வைங்கன்றார், கடைக்காரர் நல்லா தொடச்சு காய வச்சு மூடுங்கன்றார். எது சரிங்க?
– ஒரு வாசகர், வேதாரண்யம்

பதில்: ரெண்டும் வேணாம்ங்க. காய வச்சாலும் கெடும், ஆர்ஓ தண்ணியில போட்டாலும் கெடும், ரெண்டாவது இன்னும் மோசம்னு கூட சொல்லலாம், ஏன்னா அது நல்லது பண்ற மாதிரியே தெரியும்.

ப்ரோப் நுனியில இருக்குற கண்ணாடி குமிழ் இருக்குல்ல, அதோட மேல்பரப்புல கண்ணுக்கே தெரியாத ஒரு மெல்லிசான ஈரப் படலம் இருக்கும், பிஹெச்சை உணர்றதே அந்தப் படலம்தான். அது காஞ்சா ரீடிங் மெதுவாகும், அலையும். பக்கத்துல இன்னொரு சின்ன புள்ளி மாதிரி வெள்ளையா ஒண்ணு தெரியும் பாருங்க, அது ரெஃபரன்ஸோட, அதாவது ஒப்பிட்டுப் பாக்குறதுக்கு உள்ள இருக்குற பகுதியோட வாசல், உள்ள பொட்டாசியம் குளோரைடு கரைசலோ ஜெல்லோ இருக்கு. ஆர்ஓ தண்ணியிலயோ டிஸ்டில்டு வாட்டர்லயோ நாள்கணக்கா முக்கி வச்சா, உள்ள இருக்குற உப்பு அந்த வாசல் வழியா வெளிய வந்துக்கிட்டே இருக்கும், உள்ள நீர்த்துப் போகும், அப்புறம் எத்தனை தடவை கேலிப்ரேட் பண்ணாலும் (பிஹெச் தெரிஞ்ச கரைசல்ல வச்சு மீட்டரை சரி பண்றது) நிக்காது. டிஸ்டில்டு வாட்டர் கழுவ மட்டும்தான், ஊற வைக்க இல்ல.

ஊற வைக்க வேண்டியது 3 மோலார் செறிவுள்ள கேசிஎல் (அதே பொட்டாசியம் குளோரைடு) கரைசல், ஸ்டோரேஜ் சொல்யூஷன்னு கேட்டா லேப் கெமிக்கல் கடையில குடுப்பாங்க. நீங்களே பண்ணணும்னா 22.4 கிராம் கேசிஎல்லை கொஞ்சம் டிஸ்டில்டு வாட்டர்ல கரைச்சு மொத்தம் 100 மில்லி ஆகுற வரைக்கும் தண்ணி சேருங்க, அவ்வளவுதான். ஆனா லேப் கிரேடு கேசிஎல் வாங்குங்க. குட்டைக்குப் போடுற பொட்டாஷும் கேசிஎல்தானேன்னு அந்த செவப்பு மூட்டையில இருந்து ஒரு கைப்பிடி எடுத்துராதீங்க, அதுல இருக்குற மண்ணும் இரும்பும் அந்த வாசலை அடைச்சிரும். பேனா மீட்டருக்கு மூடிக்குள்ள குமிழ் நனையுற அளவு ஊத்துனா போதும், மூடியில ஸ்பாஞ்ச் இருந்தா அது ஈரமா இருக்கணும். கேசிஎல் கையில இல்லன்னா பிஹெச் 4 பஃபர் (மீட்டரை கேலிப்ரேட் பண்ற, பிஹெச் தெரிஞ்ச கரைசல்) ஊத்தி வைங்க, சமாளிக்கும். அதுவும் இல்லாத அவசரத்துக்கு குழாய் தண்ணி கூட ஆர்ஓ தண்ணியை விட பரவால்ல, ஆனா அது ஒரு ராத்திரிக்குத்தான்.

அந்த வெள்ளை உப்பைப் பாத்து பயப்படாதீங்க, மூடியில இருந்த கேசிஎல் ஆவியாகி பூத்ததுதான், தண்ணியில கழுவுனா போயிரும். அது சொல்ற சேதி என்னன்னா மூடி காஞ்சு ரொம்ப நாளாச்சுங்கறது. இப்ப உங்க ப்ரோப்பை காப்பாத்த முடியுமான்னு பாப்போம். கழுவிட்டு முதல்ல ஸ்டோரேஜ் சொல்யூஷன்ல ஒரு ராத்திரி முழுக்க குமிழ் கீழ இருக்குற மாதிரி நிக்க வைங்க. உவர்த்தண்ணியில ஓடுன ப்ரோப்புல சுண்ணாம்புப் படிவம் ஏறியிருக்கும், விரலால தடவிப் பாக்க வேணாம், வெளிச்சத்துல திருப்பிப் பாத்தா மங்கலா தெரியும். அப்படி இருந்தா சமையல் வினிகர்ல ஒரு 15 நிமிஷம் விட்டு, கழுவி, மறுபடி ஒரு மணி நேரமாவது ஸ்டோரேஜ் சொல்யூஷன். இறால் தீவன எண்ணெய் மாதிரி பிசுக்கு இருந்தா பாத்திரம் கழுவுற லிக்விட் ரெண்டு சொட்டு வெதுவெதுன்னு தண்ணியில. எப்ப கழுவுனாலும் டிஷ்யூவால ஒத்தி எடுங்க, தேய்க்காதீங்க, தேய்ச்சா கண்ணாடியில ஸ்டாட்டிக் ஏறி ரீடிங் கொஞ்ச நேரம் ஆடும்.

அப்புறம் ஒரு வீட்டு டெஸ்ட். வினிகர்ல விட்டா 3-க்குக் கீழ காட்டணும், கழுவிட்டு ஆப்ப சோடா கரைச்ச தண்ணியில விட்டா 8-க்கு மேல போகணும். ரெண்டுலயும் 7 பக்கத்துலயே உக்காந்திருந்தா குமிழ்ல கீறல் விழுந்திருக்கு, தூக்கிப் போட்டுருங்க, எந்த சொல்யூஷனும் காப்பாத்தாது. ரெண்டும் சரியா வந்தா பஃபர்ல கேலிப்ரேட் பண்ணுங்க, ஒரு நிமிஷத்துக்குள்ள நம்பர் நின்னா பொழச்சிருச்சு. ரெண்டு மூணு நிமிஷம் ஆகியும் நகர்ந்துக்கிட்டே இருந்தா புதுசு வாங்குறதுதான் லாபம், ஏன்னா காலையில 7.8 சாயங்காலம் 8.3ன்னு இருக்குற குட்டையில மீட்டர் அரை பாயின்ட் தப்பா சொன்னா நீங்க சுண்ணாம்பு போடுற முடிவே தப்பாயிரும், அதோட பிஹெச் ஏற ஏற அம்மோனியாவோட விஷமும் கூடும்ங்கறது உங்களுக்கு நான் சொல்லணும்னு இல்ல.

இன்னும் சில விஷயம். மீட்டரை குட்டை அடி சேத்துல குத்தாதீங்க, கருப்பு சேத்துல இருக்குற சல்ஃபைடு உள்ள இருக்குற வெள்ளியோட சேந்து அந்த வாசலைக் கருப்பாக்கிரும், வாளியில தண்ணி மொண்டு அதுல பாருங்க. பைக் பெட்டியில வெயில்ல விட்டுட்டு வராதீங்க. கிராப் இல்லாத மாசங்கள்ல பேட்டரியைக் கழட்டிருங்க, மாசம் ஒருதடவை மூடியைத் திறந்து ஈரம் இருக்கான்னு மட்டும் பாத்து ரெண்டு சொட்டு விடுங்க.

கேள்வி: மாடியில ஹைட்ரோபோனிக்ஸ் முறையில (மண்ணில்லாம சத்துத் தண்ணியில) கீரை போடுறேன். பிஹெச் மீட்டரோட வந்த பாக்கெட் பஃபர் பவுடரைக் கரைச்சு பாட்டில்ல வச்சிருக்கேன், அதையே திரும்பத் திரும்ப யூஸ் பண்ணலாமா?
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: பாட்டில்ல இருக்குறதை வச்சுக்கலாம், ஆனா ப்ரோப்பை நேரா பாட்டிலுக்குள்ள விடாதீங்க, சின்ன கப்புல ஊத்தி பாத்துட்டு கீழ கொட்டிருங்க, திரும்ப ஊத்துனா மொத்தமும் கெட்டுச்சு. 9.18 பஃபர் காத்துல இருக்குற கார்பன் டை ஆக்ஸைடை இழுத்து தானா இறங்கும், மூடி இறுக்கமா இருக்கணும். உங்களுக்கு அது தேவையே இல்ல, கீரைக்கு 5.5ல இருந்து 6.5தான வேணும், 4.00-ம் 6.86-ம் போதும். பவுடரை டிஸ்டில்டு வாட்டர்ல கரைங்க, பெரும்பாலும் ஒரு பாக்கெட்டுக்கு 250 மில்லி, பாக்கெட்லயே போட்டிருக்கும். பூஞ்சை மாதிரி எதாவது மிதந்தா யோசிக்காம கொட்டிட்டு புதுசு கரைங்க.

கேள்வி: காலேஜ் லேப்ல பிஹெச் மீட்டரோட கண்ணாடி எலக்ட்ரோடு (ப்ரோப்), மேல ரப்பர் மூடி போட்ட ஓட்டை உள்ளது. பசங்க பிராக்டிக்கல் சமயத்துல ரீடிங் அலையுது. புது எலக்ட்ரோடு நாலஞ்சு வாங்கி ஸ்டாக் வச்சுக்கலாமா?
– லேப் உதவியாளர், மதுரை

பதில்: முதல்ல அந்த ரப்பர் மூடியைப் பாருங்க சார். ரீடிங் எடுக்கும்போது அது திறந்திருக்கணும், அப்பதான் உள்ள இருக்குற கரைசல் மெதுவா வாசல் வழியா கசியும், ரீடிங் நிக்கும். வேலை முடிஞ்சு ஸ்டோர் பண்ணும்போது மூடிரணும். பாதி லேப்ல இதை எப்பவும் மூடியே வச்சிருக்காங்க. உள்ள கரைசல் மட்டம் பீக்கர்ல இருக்குற சாம்பிள் மட்டத்தை விட மேல இருக்கணும், குறைஞ்சா கேசிஎல் ஊத்துங்க, எந்த செறிவுன்னு எலக்ட்ரோடு மேலயே போட்டிருக்கும், சிலது 3, சிலது 4 மோலார். குமிழுக்குள்ள காத்து முட்டை தெரிஞ்சா காய்ச்சல் பாக்குற பழைய தெர்மாமீட்டரை உதறுற மாதிரி ரெண்டு உதறு உதறுங்க.

மில்லிவோல்ட் காட்டுற மீட்டர்னா வேலை இன்னும் சுளுவு. 25 டிகிரியில பிஹெச் 7 பஃபர்ல 0-வுக்கு ரெண்டு பக்கமும் 30-க்குள்ள இருக்கணும், 4-க்கும் 7-க்கும் நடுவுல கிட்டத்தட்ட 177 மில்லிவோல்ட் வித்தியாசம் வரணும். 160-க்கு மேல இருந்தா ஓட்டலாம், 150-க்குக் கீழ போனா சுத்தம் பண்ணிப் பாத்துட்டு மாத்திருங்க.

ஸ்டாக் வைக்குற யோசனை வேணாம். பெட்டியில சும்மா இருந்தாலும் எலக்ட்ரோடுக்கு வயசாகும், ஒழுங்கா பராமரிச்சா கூட பொதுவா ஒண்ணுல இருந்து ரெண்டு வருஷம்தான். ஒண்ணே ஒண்ணு ஸ்பேர் வாங்குங்க, வாங்கும்போது எந்த மாசம் தயாரிச்சதுன்னு பாத்து வாங்குங்க, மூடியைக் கழட்டி ஈரம் இருக்கான்னு கடையிலயே பாத்துருங்க.