டிரைவர் யார் கையில?

கேள்வி: அண்ணே, பழைய டெஸ்க்டாப்புல உபுண்டு லினக்ஸ் போட்டேன், என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு. டிரைவர் செட்டிங்ஸ்ல நோவோன்னு ஒண்ணு, ப்ரொப்ரைட்டரின்னு ஒண்ணு காட்டுது. எதைப் போடணும்? ரெண்டுலயும் படம் வருதே, அப்புறம் எதுக்கு இத்தனை வருஷமா டிரைவர் ஓபனா இருக்கணுமா, மூடியே இருக்கணுமான்னு சண்டை?
- கல்லூரி மாணவர், திண்டுக்கல்

பதில்: டிரைவர்னா கார்டு, பிரிண்டர் மாதிரி சாமானை கம்ப்யூட்டரோட சேர்த்து ஓட்டுற சாஃப்ட்வேர். கேம், பிளெண்டர் (3டி படம் செய்யறது), கூடா (CUDA, கார்டுல கணக்குப் போட வைக்கிற என்விடியா சாஃப்ட்வேர்) இதெல்லாம் வேணும்னா ப்ரொப்ரைட்டரி, அதாவது கம்பெனி டிரைவரையே போடுங்க தம்பி. பிரவுசர், வீடியோ மட்டும்னா நோவோ போதும். அது ஓபன் டிரைவர், கார்டு உள்ள எப்படி வேலை செய்யுதுன்னு கம்பெனி டாகுமெண்ட் எதுவும் தராதப்பவே, கார்டு எப்படி நடந்துக்குதுன்னு பாத்துப் பாத்து வெளியாளுங்க எழுதினது. ஆனா 2014ல வந்த ஜிடிஎக்ஸ் 900 வரிசையில கம்பெனி டிஜிட்டல் கையெழுத்து போட்ட ஃபர்ம்வேர் (கார்டுக்குள்ள ஓடுற சாஃப்ட்வேர்) இருந்தாதான் கிளாக்க, அதாவது கார்டோட வேகத்தை, ஏத்த முடியும்னு பூட்டிட்டாங்க, அதனால அந்தக் கார்டுங்க நோவோவுல ஃபர்ஸ்ட் கியர்லயே உருண்டுக்கிட்டு இருக்கும்.

இப்ப சண்டைக்கு வரேன். 1980 வாக்குல எம்ஐடி லேப்ல ரிச்சர்ட் ஸ்டால்மன் பிரிண்டர் சாஃப்ட்வேர்ல ஒரு சின்ன வேலை பண்ணி வச்சிருந்தார், பேப்பர் சிக்கிட்டா பிரிண்டுக்குக் காத்திருக்கிறவங்க ஸ்க்ரீன்லயே தகவல் வந்துடும். அப்புறம் ஜெராக்ஸ்ல இருந்து புது லேசர் பிரிண்டர் வந்துச்சு, ஆனா அதோட சாஃப்ட்வேரை மாத்தத் தேவையான சோர்ஸ் கோடு கூடவே வரல, அதனால அந்த வேலையை இதுல பண்ண முடியல. கார்னகி மெலன் யுனிவர்சிட்டில ஒருத்தர்கிட்ட அந்தக் கோடு இருக்குன்னு நேர்லயே போய்க் கேட்டா, யாருக்கும் தரமாட்டேன்னு ஒப்பந்தம் போட்டிருக்கேன்னுட்டார். எப்படிச் சரி பண்றதுன்னு தெரிஞ்ச ஆள், பிரிண்டர் பக்கத்துலயே இருக்கு, ஆனா கை வைக்க முடியாது! 1983ல ஸ்டால்மன் குனு (யார் வேணா பாத்து மாத்திக்கலாம்கிற சாஃப்ட்வேர் திட்டம்) ஆரம்பிச்சதுக்கு இந்தக் கோவமும் ஒரு காரணம்.

எங்க வீட்லயும் அதே கதைதான். பழைய ஸ்கேனர், கண்ணாடியில ஒரு கீறல் இல்ல, மோட்டார் நல்லாருக்கு, ஆனா புது விண்டோஸுக்கு டிரைவர் கிடையாது, இந்த மாடலுக்கு சப்போர்ட் முடிஞ்சுதுன்னுட்டாங்க. தூக்கிப் போடப் போனதை லினக்ஸ்ல சொருகிப் பாத்தேன், சேன்ங்கிற ஓபன் டிரைவர் அதை உடனே கண்டுபிடிச்சுது, லைட் எரிஞ்சு மெதுவா நகர ஆரம்பிச்சுது பாருங்க, அப்பாவோட நிலப் பத்திரம் முழுசும் அதுலதான் ஏத்தினேன். என்னைப் பொறுத்தவரை சண்டையே இதுக்குத்தான், காசு குடுத்து வாங்கின பொருளுக்கு ஆயுசு எவ்வளவுன்னு கம்பெனி முடிவு பண்ணக்கூடாது.

கம்பெனி பக்கமும் நியாயம் இருக்கு, அவங்க கோடுக்குள்ள மத்தவங்ககிட்ட லைசென்ஸ் வாங்கினதும் கலந்திருக்கும், அப்படியே திறந்து விட முடியாது. ஆனா இன்னொரு கார்டு கம்பெனி ஏஎம்டி 2007லயே கிராஃபிக்ஸ் டாகுமெண்ட்டை வெளியிட ஆரம்பிச்சுதே! என்விடியா 2022 மே மாசம்தான் டிரைவரோட கெர்னல் பகுதியை (லினக்ஸோட உள்மையத்துல ஓடுறது) திறந்துச்சு, அதுவும் டூரிங் வரிசை, அதுக்கு அப்புறம் வந்த கார்டுங்களுக்கு மட்டும், கூடா எல்லாம் இன்னும் மூடியேதான் இருக்கு. சப்போர்ட்டை நிறுத்துற அன்னிக்காவது டாகுமெண்ட்டைக் குடுத்துட்டுப் போங்கன்னுதான் நான் கேக்குறேன்.

டெர்மினல்ல (கமாண்ட் அடிக்கிற விண்டோ) எல்எஸ்பிசிஐ (lspci) அடிச்சா உங்க கார்டு மாடல் வரும், அதை எழுதி அனுப்புங்க, எந்த வெர்ஷன் டிரைவர்னு சொல்றேன்.