புல் செத்த இடத்தில் நிற்காதீர்கள், தம்பி

தம்பி, கனடாவுக்கு வந்து எட்டு மாதம் என்கிறீர்கள். ஒன்ராறியோவின் ஸ்கூகொக் ஏரியில் கோடை முழுக்கத் தண்ணீருக்கடியில் வளரும் புல்லுக்குள் தூண்டில் போட்ட இடமெல்லாம் பாஸ் மீன் கடித்தது, ஒக்டோபரில் அதே இடத்தில் ஒன்றுமில்லை, மீன் எங்கே போனது, எந்த றீல் வாங்கலாம், நண்பரின் சின்ன ஓடத்தில் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். றீலைக் கடையில் கேளுங்கள். மீன் ஏரிக்குள்ளேதான் இருக்கிறது.

1992இல், நான் வந்த முதல் இலையுதிர் காலம். இரவு வேலை முடிந்து நித்திரை இல்லாமல், கோடையில் மீன் பட்ட அதே கரையில் நான்கு சனிக்கிழமை நின்று வெறுங்கையோடு திரும்பினேன். பக்கத்தில் நின்ற வெள்ளைக்கார முதியவர் ஒருவர் என் தூண்டிலில் சிக்கி வந்த புல்லை என் உள்ளங்கையில் வைத்து நசுக்கினார். பழுப்பு நிறம், கொழகொழப்பு, கூழ்முட்டை நாற்றம். பிறகு தன் தூண்டிலில் வந்ததை வைத்தார். பச்சைப்பசேலென்று இருந்தது, ஒடித்ததும் நொறுக்கென்று முறிந்தது. அவர் பேசியதில் பாதி எனக்கு விளங்கவில்லை. கையில் இருந்தது நன்றாக விளங்கியது.

பகல் குறுகித் தண்ணீர் குளிரும்போது புல் சாகத் தொடங்கும். அழுகும் புல் தண்ணீரில் உள்ள ஒட்சிசனைத் தின்றுவிடும். சின்ன மீன்கள் அங்கே நிற்காது, அவற்றைத் தின்னும் பாஸும் நிற்காது. மிச்சமிருக்கும் பச்சைத் திட்டுகளில் எல்லாம் போய் நெருங்கிவிடும். அதனால் புல்லின் ஆழமான ஓரத்தைத் தேடுங்கள். கூன்டெயில் என்ற புல் பனிக்கட்டிக்கு அடியிலும் பச்சையாக இருக்கக்கூடியது, அதைப் பார்த்துப் பழகுங்கள். கிராங்பெயிட், அதாவது சின்ன மீன் போலச் செய்த போலி இரை, புல்லின் தலையை உரசிக்கொண்டு வரட்டும். புல்லில் மாட்டினால் சுண்டி இழுங்கள், அது விடுபடும் கணத்தில்தான் பெரும்பாலும் பாஸ் அடிக்கும்.

ஓடம் பற்றித்தான் எனக்குப் பயம். லைஃப் ஜாக்கெட்டைக் காலடியில் போட்டுவைக்காமல் உடம்பில் போடுங்கள். குளிர்ந்த தண்ணீரில் விழுந்தால் மூச்சை அடக்கி நிதானிக்க 1 நிமிடம், கைகால் சொன்னபடி கேட்பது 10 நிமிடம், நினைவு தப்பச் சுமார் 1 மணி நேரம் என்று இங்கே சொல்லிக்கொடுப்பார்கள். எங்கள் ஆட்கள் சிலர் "நாங்கள் கடலில் நீந்தி வளர்ந்தவர்கள்" என்பார்கள். அது சூடான கடல், தம்பி.

மீன்பிடி லைசென்ஸையும் விளையாட்டாக எடுக்காதீர்கள், ஒன்ராறியோவில் 18 வயதிலிருந்து 64 வரை கட்டாயம். அளவுக்கு மேல் மீனால் பையை நிரப்பிக்கொண்டு, அறுந்த தூண்டில் நரம்பைக் கரையில் எறிந்துவிட்டுப் போகும் நம்மவர்களைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு மனம் கொதிக்கும். இந்த நாட்டில் இருந்துகொண்டு அதன் ஏரியைப் பாழாக்கலாமா? நான் முதல் வருடத்திலேயே எத்தனை மீன் வைத்துக்கொள்ளலாம் என்ற அளவைப் படித்து, மிச்சத்தைத் திருப்பி விடப் பழகினேன்.

அடுத்த வருடம் நவம்பர் தொடக்கத்தில் ஒரு அறை அளவுப் பச்சைத் திட்டைக் கண்டுபிடித்தேன். ஒரு மணி நேரத்தில் ஐந்து பாஸ், வயிறு பருத்தவை. அந்த முதியவர் தூரத்தில் நின்றுகொண்டிருந்தார். மீனைக் காட்டாமல், தூண்டிலில் சிக்கிய பச்சைப் புல்லை உயர்த்திக் காட்டினேன். தொப்பியைக் கழற்றி ஆட்டினார்.