ஸ்டார் ஸ்க்ரூ வழுக்குதா? கேளுங்கள், சொல்கிறேன்

கடலூர் பழைய நகரில், துறைமுகம் பக்கம், பழைய பைக்குகளைப் பிரித்து மாட்டுவதுதான் என் வேலை. இந்த வாரம் வந்த கேள்விகளுக்கு என் கை அனுபவத்தில் இருந்து பதில்.

முத்தியால்பேட்டை: அண்ணா, யமஹா ஆர்எக்ஸ் 100 வண்டியில் மேக்னெட் கவர் (எஞ்சினின் பக்கவாட்டு மூடி) ஸ்க்ரூவில் ரெண்டு வழுக்கிடுச்சு. நல்ல ஸ்டார் திருப்புளிதான் வாங்கினேன்.

திருப்புளி நல்லதாகவே இருக்கும் தம்பி, அந்த ஸ்க்ரூவுக்கு அது ஜோடி இல்லை, அவ்வளவுதான். கடையில் ஸ்டார் என்று கேட்டால் பெரும்பாலும் பிலிப்ஸ் முனைதான் கொடுப்பார்கள். ஜப்பான் வடிவமைப்பில் வந்த பழைய வண்டிகளில் இருப்பது ஜேஐஎஸ் என்கிற ஜப்பான் அளவு. பார்வைக்கு ரெண்டும் ஒன்றுதான், ஆனால் பிலிப்ஸ் முனை அந்தப் பள்ளத்தின் அடி வரை இறங்காது, மேலேயே உட்கார்ந்துகொண்டு திருப்பத் திருப்ப ஏறி வெளியே வந்துவிடும், வரும்போது ஓரத்தையும் வழித்துக்கொண்டு வரும். ஸ்க்ரூ தலையைத் துணியால் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள், கூட்டல் குறிக்குப் பக்கத்தில் ஊசி குத்தினது போல ஒரு சின்னப் புள்ளி தெரிந்தால் ஜேஐஎஸ். எல்லாவற்றிலும் புள்ளி இருக்காது. இன்னொன்று, எஞ்சின் கவர் ஸ்க்ரூவுக்கு 3ஆம் நம்பர் முனை வேண்டும், வீட்டில் இருக்கும் 2ஆம் நம்பரைப் போட்டால் ஆடும்.

வழுக்கின ரெண்டுக்கும், பள்ளத்தில் இருக்கும் மண்ணைக் குண்டூசியால் நோண்டி எடுத்துவிட்டு, முனையில் வால்வு கிரைண்டிங் பேஸ்ட் (நறநறவென்று இருக்கும் பசை) கொஞ்சம் தடவி அழுத்திப் பாருங்கள், பிடிப்பு கிடைக்கும்.

மஞ்சக்குப்பம்: சுத்தியலால் அடிக்கிற இம்பாக்ட் டிரைவர் வாங்கலாமா? எஞ்சின் உடையுமா?

கட்டாயம் வாங்குங்கள், அடிக்கிற அடியையே திருப்பும் விசையாக மாற்றுகிற திருப்புளி அது. கழற்றும் திசைக்கு மாற்றி, முனையை முழுசாக இறக்கி, கையால் இடப்பக்கம் இறுக்கமாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டே, கனமான சுத்தியலால் ஒரே அடி. தட்டித் தட்டி அடிப்பவர்கள்தான் தலையைக் கெடுக்கிறார்கள். பிடித்த மரை விடும்போது 'டிக்' என்று ஒரு சத்தம் கையிலேயே தெரியும், அப்புறம் சாதாரணத் திருப்புளி போதும். கார்புரேட்டர், பிரேக் ஆயில் டப்பா மூடி, இந்த ரெண்டு பக்கமும் அதைக் கொண்டுபோகவே கூடாது, மெல்லிய உலோகம், விரிசல் விட்டுவிடும். அங்கே சரியான 2ஆம் நம்பர் முனையை வைத்து, பிடியின் தலையில் லேசாகத் தட்டினாலே போதும்.

தேங்காய்த்திட்டு: மீன் ஏற்றுகிற டிவிஎஸ் எக்ஸெல் மொபெட். ஐஸ் தண்ணீர் சொட்டிச் சொட்டிக் கேரியர் போல்ட் எல்லாம் துரு. டபிள்யூடி-40 அடித்தும் அசையவில்லை.

ஈரத்தை விரட்டுவதற்காகச் செய்தது அது, துருவுக்குள் ஊறுவதற்கென்றே விற்கும் ஆயில் வேறு. முதலில் கம்பி பிரஷ்ஷால் வெளித்துருவைத் தேய்த்துவிட்டு, ராத்திரி அந்த ஊறும் ஆயிலை விட்டு, நாலு தட்டு தட்டி, காலையில் மறுபடி விடுங்கள். 12 முனை சாக்கெட் வேண்டாம், 6 முனைதான் தலையின் தட்டையான பக்கங்களில் பிடிக்கும். ஒரே மூச்சில் கழற்ற முயலாமல், கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, ஆயில் விட்டு, மறுபடி. நம் கடல் காற்றில் பொறுமை இல்லாதவன் போல்ட்டை உடைக்கத்தான் செய்வான்.

அரியாங்குப்பம்: பிரேக் டிஸ்க் பிளேட் அலன் போல்ட் (தலையில் அறுகோணப் பள்ளம் இருப்பது) உள்ளே வட்டமாகிவிட்டது.

பல வண்டிகளில் அந்தப் போல்ட்டுக்கு மரையில் பசை போட்டே மாட்டியிருப்பார்கள். ஹீட் கன்னால் போல்ட் தலையைச் சூடாக்கினால் பசை இளகும். பெட்ரோல் பக்கத்தில் இருக்கக் கூடாது. உங்கள் செட்டில் அங்குல அளவுச் சாவி கலந்திருக்கிறதா என்றும் பாருங்கள், 3/16 அங்குலம் என்பது 4.76 மில்லிமீட்டர், 5 மில்லிமீட்டர் பள்ளத்தில் உட்கார்வது போல உட்கார்ந்து ஓரத்தை உருட்டிவிடும். 5 மில்லிமீட்டர் பள்ளம் வட்டமாகியிருந்தால் டி30 டார்க்ஸ் பிட்டை (ஆறு முனை நட்சத்திர வடிவ முனை)ச் சுத்தியலால் உள்ளே அடித்து இறக்கித் திருப்புங்கள். புது போல்ட் கையில் இருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள்.

பாகூர்: யமஹா வலது கண்ணாடி கழலவே மாட்டேங்குது.

அது இடது மரை, வழக்கத்துக்கு எதிர். கழற்ற வலப்பக்கம் திருப்புங்கள்.

தேவனாம்பட்டினம்: ஸ்க்ரூ தலை முறிந்து, மீதி மரைக்குள்ளேயே மாட்டிக்கொண்டது. ஈஸி அவுட் (உடைந்த துண்டில் ஓட்டை போட்டு, அதில் இறக்கித் திருப்பி எடுக்கும் கருவி) போடலாமா?

அவசரப்படாதீர்கள். ஈஸி அவுட் உள்ளே ஒடிந்தால் அது கடினமான எஃகு, சாதாரண டிரில் பிட் அதைத் தொடாது. கவர் ஸ்க்ரூவாக இருந்தால் முதலில் மற்ற ஸ்க்ரூக்களை எல்லாம் எடுத்துக் கவரைக் கழற்றுங்கள், உடைந்த துண்டு கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், கவர் அழுத்தம் போனதால் லாக் பிளையரில் (கடித்தபடியே பூட்டிக்கொள்ளும் குறடு) கடித்து இழுத்தாலே பல நேரம் சுற்றி வந்துவிடும். வராவிட்டால் அந்த இடத்தில் கொதிக்கிற தண்ணீர் ஊற்றுங்கள், சூட்டில் அலுமினியம் எஃகைப் போல ஏறக்குறைய ரெண்டு மடங்கு விரியும். வெளியே நீட்டாமல் ஓட்டையின் வாயோடு ஒட்ட உடைந்திருந்தால் லேத் பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

வில்லியனூர்: மறுபடி மாட்டும்போது இப்படி ஆகாமல் இருக்க?

எஃகு ஸ்க்ரூவும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் சேர்ந்தால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகி மரையை அடைத்துக்கொள்ளும், அதனால்தான் நம் ஊரில் இவ்வளவு தொல்லை. பழைய பொடியைப் பிரஷ்ஷால் சுத்தம் செய்து, ஆன்டி சீஸ் பேஸ்ட் (மரை பிடித்துக்கொள்ளாமல் தடுப்பது) ஒரு துளி தடவி மாட்டுங்கள். பிரேக், டிஸ்க் போல்ட்டுகளுக்கு அது கூடாது, டிஸ்க் போல்ட்டுக்கு மரைப் பசைதான். கவரின் 6 மில்லிமீட்டர் ஸ்க்ரூவுக்குச் சுமார் 10 நியூட்டன் மீட்டர் இறுக்கம் போதும், பேஸ்ட் தடவியிருந்தால் இன்னும் குறைவாக இறுக்குங்கள்.